விண்ணப்பத்தில் நோயின் பெயர் போதுமா? கல்லூரி மாணவர் கேள்விகள்

ஊனமோ நோயோ உள்ள மாணவர்கள் தேர்வில் கூடுதல் நேரம், எழுத உதவியாளர் போன்ற ஏற்பாடுகளை எப்படிக் கேட்டு வாங்குவது? பருவத் தொடக்கத்தில் வர வேண்டிய இந்தக் கேள்விகள் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் வந்து குவியும். இந்த முறையும் அப்படித்தான்.

எனக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் சிரமம். பள்ளியில் எல்லாத் தேர்வுக்கும் கூடுதல் நேரம் கிடைத்தது. கல்லூரியில் சேர்ந்து இரண்டு மாதமாகிறது, யாரும் எதுவும் கேட்கவில்லை. தானாக வராதா?

வராது. பள்ளியில் உங்களுக்காக ஆசிரியரும் பெற்றோரும் அலைந்திருப்பார்கள். இங்கே நீங்கள்தான் கல்லூரி அலுவலகத்தில் போய்ச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இதற்கான சட்டமே வேறாகிவிடுகிறது. உதவி தேவைப்படும் பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிப்பது பள்ளியின் பொறுப்பு. கல்லூரிக்கு வந்துவிட்டால் முதலில் வாய் திறக்க வேண்டியவர் மாணவர். பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம், கல்விக்கூடங்கள் முன்கூட்டியே யோசித்துத் தடைகளை நீக்கி வைக்க வேண்டும் என்கிறது. ஆனாலும் உங்களுக்கென்று தனியாக ஒன்று வேண்டுமானால் அங்கும் கேட்டுத்தான் பெற வேண்டும்.

பள்ளியில் கிடைத்த அனுமதிக் கடிதத்தையும் மதிப்பீட்டு அறிக்கையையும் எடுத்துக்கொண்டு போங்கள். அறிக்கை ரொம்பப் பழையது என்றால் புதிதாக ஒன்று கேட்கக்கூடும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். இன்னொன்று: பொதுவாக அனுமதி, அது கிடைத்த நாளிலிருந்துதான் செல்லும். எழுதி முடித்த தேர்வின் மதிப்பெண்ணை அதைக் காட்டி மாற்றச் சொல்ல முடியாது.

முடக்குவாதத்தால் கைவிரல்கள் வலிக்கின்றன. மருத்துவச் சான்றிதழ் இருக்கிறது. கடிதத்தில் வேறென்ன எழுத வேண்டும்?

எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும்: "எனக்கு முடக்குவாதம் இருப்பதால் தேர்வில் உரிய சலுகை அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." இதைப் படிக்கும் அலுவலருக்கு என்ன தெரியும்? ஒரு நோயின் பெயர் தெரியும். நீங்கள் மேசையில் உட்கார்ந்ததும் என்ன ஆகிறது என்பது தெரியாது.

இப்படி எழுதிப் பாருங்கள்: "தொடர்ந்து இருபது நிமிடம் எழுதினால் வலது கை விரல்கள் விறைத்துவிடுகின்றன. மறுபடி பேனா பிடிக்கப் பத்து நிமிடம் ஆகிறது. காலையில் இது அதிகம். தட்டச்சு செய்தால் ஒரு மணி நேரம் வரை தாங்குகிறது. ஆகவே தேர்வைக் கணினியில் எழுதவும், மணிக்கொரு முறை பத்து நிமிடம் ஓய்வெடுக்கவும், அந்த ஓய்வைத் தேர்வு நேரத்திலிருந்து கழிக்காதிருக்கவும் அனுமதி வேண்டும்." கேட்பது மூன்றே விஷயம், ஒவ்வொன்றுக்கும் காரணம் மேலேயே இருக்கிறது. மறுப்பதென்றால் எதை, ஏன் மறுக்கிறோம் என்று அவர்கள் சொல்லியாக வேண்டும்.

மருத்துவரின் சான்றிதழும் இதையே சொல்ல வேண்டும். அவருக்கு நேரம் இருக்காது, இரண்டு வரியில் முடித்துவிடுவார். மேலே உள்ள விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதைச் சரிபார்த்து எழுதித் தருவதில் அவருக்குச் சிரமமில்லை.

அப்புறம், அந்த "சலுகை"யை எடுத்துவிடுங்கள். இஷ்டப்பட்டால் தருவதுதான் சலுகை. 2006இல் ஐ.நா. நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, தேவையான, நியாயமான ஏற்பாட்டை மறுப்பதையே பாகுபாடு என்கிறது. 'ஏற்பாடு' என்றே எழுதுங்கள். 'பணிவுடன்' இருந்துவிட்டுப் போகட்டும்.

பார்வைக் குறைபாடு உள்ளவன். முதன்முறையாக, நான் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதப்போகிறார். எப்படித் தயாராவது?

இது தனியாகப் பழக வேண்டிய வேலை. பாடம் நன்றாகத் தெரிந்தவர்கள்கூட முதல் தேர்வில் தடுமாறுவார்கள். எழுதும்போது யோசிக்கிற பழக்கம் வேறு, வாய்விட்டுச் சொல்லும்போது யோசிப்பது வேறு. நடுவில் "இல்லை இல்லை, அதை அடிங்க" என்று நாலு முறை சொல்வதற்குள் கால் மணி நேரம் போயிருக்கும்.

முடிந்தால் எழுதப்போகிற அதே ஆளோடு பழைய வினாத்தாள் மூன்றையாவது முழு நேரமும் உட்கார்ந்து செய்து பாருங்கள். வினாத்தாள் முழுவதையும் முதலில் படிக்கச் சொல்லி, எந்த வரிசையில் எழுதுவது என்று முடிவு செய்யுங்கள். பத்தி எங்கே பிரிகிறது, எதற்கு அடிக்கோடு என்பதையெல்லாம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். சமன்பாடுகளில் 'எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ஒன்' என்றால் வர்க்கம் எக்ஸுக்கு மட்டுமா, மொத்தத்துக்குமா? அடைப்புக்குறி திறப்பதையும் மூடுவதையும் வாயால் சொல்லப் பழகுங்கள். கடைசியில் எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்க நேரம் ஒதுக்குங்கள்.

எழுதுபவரின் கல்வித் தகுதிக்கு விதி இருக்கும், யாரை அழைப்பது என்று முடிவு செய்யுமுன் அதைப் படித்துவிடுங்கள். கூடுதல் நேரக் கணக்கும் இடத்துக்கு இடம் மாறும். இந்தியாவில் 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் சொன்னது மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல், அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு நான்கு மணி நேரம். அமெரிக்கக் கல்லூரிகளில் ஒன்றரை மடங்கு சாதாரணம், அப்படியென்றால் நாலரை மணி நேரம். ஒரே நாளில் இரண்டு தேர்வு வந்தால்? நாளெல்லாம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நேரம் கேட்கும்போதே இடைவெளியும் கேளுங்கள். இதை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை.

எனக்கு இருமுனைக் கோளாறு, அதாவது மனநிலை உச்சத்துக்கும் தாழ்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய். பேராசிரியரிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். இதற்கென்று தனி அலுவலகம் இருக்கும் கல்லூரிகளில் மருத்துவ ஆவணங்கள் அங்கேயே இருக்கும். பேராசிரியருக்குப் போகும் கடிதத்தில் என்ன ஏற்பாடு என்பது மட்டுமே இருக்கும். "உனக்கு என்னதான் பிரச்சினை?" என்று அவர் கேட்டால், "விவரம் அலுவலகத்தில் இருக்கிறது சார்" என்று சொன்னால் போதும்.

"உனக்கு மட்டும் நேரம் கொடுத்தால் மற்றவர்களுக்கு அநியாயம்" என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். அவ்வளவுதானா?

இல்லை. கல்லூரி மறுக்க நியாயமான காரணம் உண்டு: அந்தப் பாடம் எதைச் சோதிக்கிறதோ அதையே ஏற்பாடு எடுத்துவிடக் கூடாது. மொழித்தாளில் எழுத்துப்பிழையைக் கண்டுகொள்ளாதே என்றால் யோசிப்பார்கள். வேதியியல் தாளில் அதையே கேட்டால் மறுக்கக் காரணமில்லை. 'மற்றவர்களுக்கு அநியாயம்' என்பது இந்தக் கணக்கில் வராது.

வாய்வார்த்தையோடு விடாதீர்கள். "இன்று நேரில் பேசியபடி, மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டுகிறேன்" என்று அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். பல மறுப்புகள் இந்த ஒரு வரியிலேயே கரைந்ததைப் பார்த்திருக்கிறேன். கரையாவிட்டால் மேல்முறையீட்டுக்கு அதுவே ஆவணம். உங்கள் ஊனத்தின் சதவீதம் குறைவு என்று சொன்னாலும் கலங்க வேண்டாம். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒருவருக்குக் குடிமைப் பணித் தேர்வில் எழுத உதவியாளர் மறுக்கப்பட்டது. 40 சதவீதத்தைத் தொட்டவர்களுக்கு மட்டும்தான் என்று அந்த உதவியைச் சுருக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மகனுக்காக நானே விண்ணப்பிக்கலாமா? அவன் கூச்சப்படுகிறான்.

தாள்களைச் சேர்த்துக் கொடுங்கள் அம்மா, கூடவும் போங்கள். பேசுவது அவராக இருக்கட்டும். பதினெட்டு வயது ஆனவர் விஷயத்தில் அவர் சம்மதமில்லாமல் உங்களிடம் பேச அலுவலகமே தயங்கும். முதல் மூன்று வாக்கியத்தை வீட்டில் உங்களிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். கூச்சம் அந்த மூன்று வாக்கியத்துக்குத்தான்.

வண்டியிலிருந்து விழுந்து கை முறிந்துவிட்டது. ஆறு வாரம் கட்டு. எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

நிரந்தர ஊனத்துக்கான சட்டம் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம், ஆனால் பல கல்லூரிகள் தற்காலிகமாக ஏற்பாடு செய்து தருகின்றன. கட்டு எந்தத் தேதியில் பிரிப்பார்கள் என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். பிரித்த மறுநாளே பழைய வேகத்தில் எழுத வராது, அதற்கும் இரண்டு வாரம் சேர்த்தே கேளுங்கள்.