முத்திரையை விடுங்கள், குமிழைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். ஜெர்மனியில் வூப்பர்டால் நகரில் இருக்கிறேன். பழம்பொருள் சந்தையில் ஆரஞ்சு நிறப் பிடியுள்ள ஜெர்மன் தரைப்படை அதிகாரியின் குறுவாள் ஒன்றை 380 யூரோ கொடுத்து வாங்கினேன். தன் தாத்தா வைத்திருந்தது என்றார் விற்றவர். அலகில் வாளேந்திய அணில் முத்திரையும் சோலிங்கன் என்ற பெயரும் இருக்கின்றன. அசல்தானே?

பதில்: அணிலை வைத்து மட்டும் சொல்ல முடியாது. அது சோலிங்கனில் இருந்த கார்ல் ஐக்ஹார்ன் நிறுவனத்தின் முத்திரை. பேர்போன முத்திரை என்பதாலேயே போலி செய்கிறவர்களும் அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். தாத்தா கதையையும் ஓரமாக வையுங்கள். அவருடைய பெயர், சீருடையோடு ஒரு படம், படைப்பிரிவின் தாள் ஏதாவது வந்தால் அப்போது கேட்கலாம்.

1935-இல் அறிமுகமான மாதிரி இது. சண்டைக்கானது அல்ல, சீருடையோடு இடுப்பில் தொங்கவிடுவது. அதனால் அலகு தேயாமல் பளிச்சென்று இருப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம். தேய்மானத்தைத் தேட வேண்டிய இடம் வேறு. உறை உடம்பில் உரசும் பக்கத்தைப் பாருங்கள். தொங்கவிடும் வளையங்கள் பட்டையைத் தொடும் இடத்தையும் பாருங்கள். உறையில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் யாரோ அணிந்திருக்கிறார்கள். சுற்றிலும் ஒரே அளவுக்கு மங்கியிருந்தால் அமிலத்தில் தோய்த்துப் பழசாக்கியிருப்பார்களோ என்று யோசிக்க வேண்டும்.

அப்புறம், பிடியின் உச்சியிலுள்ள குமிழைத் துணியால் பற்றி இடப்பக்கமாகத் திருகுங்கள். குறடு வேண்டாம், வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வந்தால், பிடியை மெதுவாக உருவி, பிடிக்குள்ளே போகும் அலகின் வாலைப் பாருங்கள். அசலில் அலகும் வாலும் ஒரே இரும்பில் அடித்தவை; வால் மேலே போகப்போக ஒடுங்கி, நுனியில் மரை இருக்கும். கடையில் விற்கும் மரைக்கம்பி ஒன்றை வெல்டு வைத்து ஒட்டியிருந்தால் அத்தோடு விசாரணை முடிந்தது. நான் முதலில் பார்ப்பது இதைத்தான். வெளியே எவ்வளவு அழகாகச் செய்தாலும், யாரும் பார்க்கமாட்டார்கள் என்று உள்ளே கோட்டைவிட்டுவிடுகிறார்கள்.

கழுகு பொறித்த குறுக்குத் துண்டின் மேல், பிடி உட்கார்ந்திருந்த இடத்தையும் பாருங்கள். பல வருடங்களாக ஒன்றாக இருந்தவை என்றால், பிடி மூடிய இடம் ஒரு நிறமாகவும் சுற்றியுள்ள இடம் கறுத்தும், நடுவில் மெல்லிய அழுக்குக் கோடோடும் இருக்கும். அந்தக் கோடு இந்தப் பிடியின் விளிம்போடு பொருந்துகிறதா? இது ஏன் முக்கியம் என்றால், 1945-க்குப் பிறகு சோலிங்கனில் மீந்துபோன பாகங்களைக் கோத்து நினைவுப்பொருளாக விற்றார்கள். ஒவ்வொரு பாகமும் அசலாக இருக்கும், ஆனால் அந்தக் குறுவாளை எந்த அதிகாரியும் அணிந்திருக்கமாட்டார். என் கணக்கில் அது அசல் அல்ல. விற்கிறவர் மறைக்காமல் சொன்னால் தவறில்லை. சொல்லாமல் முழு விலை வாங்கினால் ஏமாற்று.

முத்திரையைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். அந்தக் காலத்தில் அமிலத்தால் அரித்துப் பதித்தார்கள்; பள்ளத்தின் அடி லேசாகச் சொரசொரக்கும், ஓரம் மெத்தென்று இருக்கும். லேசர் என்றால் அடியில் வரிசையாக மெல்லிய கோடுகள் தெரியும்.

பிடி பெரும்பாலும் மரத்தின் மேல் செல்லுலாய்டு. கட்டைவிரலால் சூடு வரும்வரை தேய்த்தால் கற்பூர வாசனை வரலாம். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். செல்லுலாய்டு குப்பென்று தீப்பிடிக்கும்.

ஜெர்மனியில் இருப்பதால் இன்னொன்று. வீட்டில் வைத்திருப்பது குற்றமல்ல. ஆனால் ஸ்வஸ்திகா தெரியும்படி படம் எடுத்துச் சமூக வலைதளத்தில் போட்டால் குற்றவியல் சட்டம் 86அ பிரிவு பாயும்; கல்வி, ஆய்வு, வரலாற்று விளக்கம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. யாரிடமாவது காட்ட எடுத்துப் போனால் பூட்டிய பெட்டியில் கொண்டுபோங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, சோலிங்கனின் க்ரேஃப்ராத் பகுதியில் ஜெர்மன் வாள், கத்தி அருங்காட்சியகம் இருக்கிறது. அசல் வேலைப்பாட்டைக் கண்ணில் பதிய வைக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

கேள்வி: ஹிட்லர் கட்சியின் எஸ்.ஏ. என்ற அடியாள் படைக்குத் தலைவராக இருந்த எர்ன்ஸ்ட் ரோமின் பெயர் அழியாமல் உள்ள எஸ்.ஏ. குறுவாள் விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ரோமின் கையெழுத்தோடு 'இதயபூர்வ நட்புடன்' என்று பொறித்த குறுவாள்கள் 1934-இல் எஸ்.ஏ. ஆட்களுக்குத் தரப்பட்டன. அதே ஆண்டு ஜூன் 30 அன்று ஹிட்லர் அவரைக் கைது செய்தார், மறுநாள் ரோம் கொலை. அந்தப் பெயரை அரைத்து அழிக்க உத்தரவு வந்தது. அழிக்காமல் தப்பியவை குறைவு, விலையோ அதிகம். ஆகவே சாதாரண அசல் குறுவாளில் அந்த வரியைப் புதிதாகப் பொறித்து விற்கிறார்கள். அலகின் மறுபக்கத்தில் உள்ள வாசகத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டின் ஆழமும், பள்ளத்தின் கறுப்பும், தேய்மானமும் ஒத்துப்போக வேண்டும். ஒரு பக்கம் மங்கி, ரோமின் பக்கம் மட்டும் தெளிவாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்குவதாக இருந்தாலும், தெருவில் மனிதர்களை அடித்து நொறுக்கிய ஒரு படையின் ஆயுதம் அது என்பதைத் தெரிந்தே வாங்குங்கள். வரவேற்பறையில் மாட்டி வைக்கும் அலங்காரப் பொருள் இல்லை.

கேள்வி: துருவைப் பாலிஷ் போட்டு எடுக்கலாமா?

பதில்: கூடாது. பாலிஷ் போட்டால் பட்டறையில் அலகை அரைத்தபோது விழுந்த கோடுகளும் அமிலப் பொறிப்பும் தேய்ந்துவிடும். பிறகு அசலா என்று யாராலும் சொல்ல முடியாது. தூசியைத் துடைத்து, மெல்லியதாக மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு பூசினால் போதும். உறையிலிருந்து வெளியே எடுத்து, காற்றோட்டமுள்ள குளிர்ந்த இடத்தில் வையுங்கள். செல்லுலாய்டு சிதையும்போது விடும் அமில வாயு, காற்றுப் புகாத பெட்டிக்குள் இரும்பையே அரித்துவிடும்.