முதன்முறை மேடையில் கவிதை வாசித்தபோது எப்படி இருந்தது?

கவிதை எழுத வருகிறது, கூட்டத்தில் வாசிக்கச் சொன்னால் குரல் நடுங்குகிறது, உங்கள் முதல் அனுபவம் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்மொழி விழாவுக்கு ஆசிரியர் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டார் என்று ஊகிக்கிறேன். சிங்கப்பூரில் ஏப்ரல் வந்தால் நம் பிள்ளைகள் பலருக்கும் நடப்பதுதான். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். தமிழின் பெருமையைப் பாடினால் எடுபடும் என்றார் ஏற்பாட்டாளர் ஒருவர். நான் தாத்தாவைப் பற்றி எழுதினேன். செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் கப்பலின் அடிப்பக்கம் துரு சுரண்டிச் சாயம் பூசியவர் அவர். 1968இல் அங்கிருந்த கப்பல் பட்டறை கைமாறியது, 1971இல் பிரிட்டிஷ் படை கிளம்பியது, இதெல்லாம் பாடப்புத்தகத்தில் கிடைக்கும். வேலை இருக்குமா, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்வார்களா என்று பாட்டி கேட்டது எதிலும் கிடையாது. என் கவிதையே அந்தக் கேள்விதான்.

கால் நடுங்கியது. முதல் சில வரிகள் பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. பாட்டி கேட்கும் வரிக்கு வந்தேன். முன்னால் இருந்த பெரியவர் ஒருவர், "இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார். கவியரங்கத்தில் பிடித்த வரியைத் திரும்பக் கேட்பது வழக்கம் என்று அன்று எனக்குத் தெரியாது. அவருக்காகவே நிதானமாகத் திரும்ப வாசித்தேன். அப்புறம் நடுக்கம் இல்லை. முடிந்ததும் என்னைத் தேடி வந்தார். அவரும் தளத்தில் வேலை பார்த்தவராம். புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலில் பங்குனி உத்திரத்துக்குத் தளத்துத் தொழிலாளிகள் திரண்டதையெல்லாம் நின்றுகொண்டே சொன்னார். அவ்வளவும் எனக்குப் புதுச் செய்தி.

தமிழைப் புகழ்ந்து பாடுவதை நான் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மரபுக் கவிதையில் அதை அருமையாகச் செய்பவர்கள் இங்கே இருக்கிறார்கள், மனதாரக் கைதட்டியிருக்கிறேன். ஆனால் பள்ளிப் பிள்ளையிடம் அதை மட்டுமே கேட்பது நியாயமில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்ட விழாக்களில் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, படம் எடுப்பது என்று நேரம் போய்விடும். வாரக்கணக்கில் பயிற்சி செய்து வந்த பிள்ளையிடம் கடைசியில், "சுருக்கமா முடிச்சுக்கோ" என்பார்கள். அதே மேடையில்தான் இளையர்களுக்குத் தமிழில் ஆர்வமே இல்லை என்ற வருத்தமும் பேசப்படும். இதைக் கேட்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, உங்கள் விஷயம். உங்கள் வீட்டில் நடந்த ஒன்றை எழுதுங்கள், அது உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. கைப்பேசியைப் பார்த்து வாசிக்காதீர்கள், திரை பாதியில் அணைந்துவிடும். தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து, வரிகளுக்கு நடுவே நல்ல இடைவெளி விடுங்கள். சுருக்கச் சொன்னால் எந்தப் பத்தியை விடலாம் என்று முன்கூட்டியே பென்சிலால் குறித்து வையுங்கள். உயிரான வரி அந்தப் பத்தியில் இருக்கக் கூடாது.