மூன்றரை லட்சம் கட்டி அமெரிக்காவில் தேனீ ஆராய்ச்சிக்குப் போகலாமா?

கேள்வி: கொழும்புப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். தேனீக்கள் என்றால் எனக்கு உயிர். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தேனீ ஆராய்ச்சிக்கு இடம் எடுத்துத் தருவதாக ஓர் ஏஜென்சி சொல்கிறது. மொத்தம் மூன்றரை லட்சம். நாற்பதாயிரம் அட்வான்ஸ் கட்டிவிட்டேன், கடவுச்சீட்டும் அவர்களிடம்தான் இருக்கிறது. மிச்சத்தைக் கட்டலாமா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: கட்டாதீர்கள், பிள்ளை. இனி ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். நாளைக்கே வீட்டில் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் முதலில் கடவுச்சீட்டை வாங்குங்கள். அது கைக்கு வந்த பிறகு அட்வான்ஸைத் திருப்பித் தரச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். பற்றுச்சீட்டின் பிரதியையும் அதோடு இணையுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். காசுப் பேச்சை முதலில் எடுத்தால் கடவுச்சீட்டைக் காட்டியே உங்களை இழுத்தடிப்பார்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவில் பட்டப்படிப்பு மாணவர்களுக்கான கோடைகால ஆய்வு இடங்களில் பல, அந்த நாட்டு தேசிய அறிவியல் நிறுவனம் பணம் கொடுத்து நடத்தும் ஆர்ஈயூ என்ற திட்டத்தில் வருபவை. சுமார் பத்து வாரம் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. அதற்கு உதவித்தொகை தருவார்கள், பெரும்பாலும் தங்குமிடமும் கிடைக்கும். மாணவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் அந்தப் பணம் அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ளவர்களுக்கு மட்டும்தான். இலங்கைக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருக்கும் உங்களுக்கு அந்தக் கதவு திறக்காது. எந்த ஏஜென்சியாலும் அதைத் திறக்க முடியாது.

இதில் ஒரு விலக்கு உண்டு. கொழும்பில் இது பலருக்குப் பொருந்தும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். அப்பாவோ அம்மாவோ அமெரிக்காவில் படித்த காலத்தில் நீங்கள் அங்கே பிறந்திருந்தால், சிறுவயதிலேயே இங்கே வந்துவிட்டாலும், பெரும்பாலும் நீங்கள் அமெரிக்கப் பிரஜைதான். கிரீன் கார்ட் கையில் இருந்தாலும் சரி. ஆனால் கையில் இருக்க வேண்டும். மாமா ஸ்பொன்சர் பண்ணியிருக்கிறார், பைல் போய்க்கொண்டிருக்கிறது என்பது கணக்கில் வராது. சுற்றுலா வீசாவும் கணக்கில் வராது. பிரஜையாக இருந்தும் இங்கே படிப்பவராக இருந்தால், வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவரை ஏற்பீர்களா என்று அந்தந்த ஆய்வுக்கூடத்திடம் முதலே கேளுங்கள். ஒவ்வோர் இடமும் தனக்கென்று நிபந்தனை வைக்கும். விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் முடிந்துவிடும்.

சரி, ஒரு பேராசிரியர் தன் சொந்த ஆய்வு நிதியில் கூப்பிட்டால்? நடக்கக் கூடியதுதான். அப்போது உங்களுக்கு வேண்டியது ஜே-1 வீசா. அதற்கு டிஎஸ்-2019 என்று ஒரு படிவம் தேவை. அதைத் தருவது உங்களை ஏற்கும் பல்கலைக்கழகம் போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்பு. வெள்ளவத்தையில் மாடியில் இருக்கும் ஏஜென்சி அதை அச்சடிக்க முடியாது. ஆகவே ஏஜென்சியிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்தப் பேராசிரியர், அவர் பல்கலைக்கழக முகவரியிலிருந்து எழுதிய மின்னஞ்சல் எங்கே? காட்டமாட்டார்கள்.

என்னிடம் படித்த ஒரு பையன் இப்படித்தான் போனான். 'தேனீ ஆராய்ச்சிப் பயிற்சி' என்று பேர். போய்ச் சேர்ந்தது ஒரு தேன் பண்ணை, கையில் சுற்றுலா வீசா. மூன்று மாதம் போத்தல் கழுவி, லேபல் ஒட்டிவிட்டு வந்தான். ஒரு கூட்டைத் திறந்து பார்க்கவும் விடவில்லையாம். திரும்பி வந்து சான்றிதழை என் மேசையில் வைத்தபோது அவனுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. காசு வாங்கிக்கொண்டு ஆய்வுக் கட்டுரையில் உங்கள் பெயரைச் சேர்க்கிறோம் என்பவர்களும் இதே வகைதான்.

ஜெர்மனியின் ரைஸ் என்ற கோடைகால ஆய்வுப் பயிற்சித் திட்டத்தைப் பலர் கேட்கிறார்கள். அது வட அமெரிக்க, பிரித்தானிய, அயர்லாந்துப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு. விட்டுவிடுங்கள். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கக் கூடியவை இரண்டைச் சொல்கிறேன். ஜப்பானில் ஒகினாவாவில் உள்ள ஓஐஎஸ்டி என்ற ஆய்வுப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி இடங்கள் ஒன்று. விமான டிக்கெட்டும் தங்குமிடமும் அவர்களே தருகிறார்கள். மற்றது ஆஸ்திரியாவில் ஐஎஸ்டிஏ என்ற ஆய்வு நிறுவனத்தின் பயிற்சி இடங்கள். எறும்புக் கூட்டம் நோயை எப்படிச் சேர்ந்து தடுக்கிறது என்று ஆராயும் குழு அங்கே இருக்கிறது. தேனீ என்ற சொல்லை மட்டும் தேடினால் இப்படியான இடங்களைத் தவறவிடுவீர்கள். கூட்டமாக வாழும் பூச்சிகள் என்று தேடுங்கள்.

இதையெல்லாம் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது ஏஜென்சிமீது மட்டுமல்ல. நம் பல்கலைக்கழகங்களில் விடுமுறை எப்போது என்று மாணவருக்கே தெரியாது. பரீட்சை தள்ளிப்போகும், வேலைநிறுத்தம் வரும். ஜூனில் வரமுடியுமா என்று கேட்கும் வெளிநாட்டுப் பேராசிரியருக்குப் பிள்ளை என்ன பதில் எழுதும்? ஓர் ஆண்டுக்கான நாட்காட்டியை ஒழுங்காகக் கொடுத்தாலே பாதி வாய்ப்பு கைக்கு வந்துவிடும். இதை எத்தனையோ கூட்டங்களில் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இப்போது நான் உண்மையில் சொல்ல விரும்புவது. கோடை என்பது அவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நமக்குத் தேனீ வருடம் முழுக்க இருக்கிறது. இலங்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. தேன் சேர்ப்பவை என்று நாம் அறிந்தவை நான்குதான்: பெட்டியில் வளர்க்கும் தேனீ, சிகிரியாப் பாறையில் தொங்கும் மலைத்தேனீ, கொம்பில் கட்டும் சிறுதேனீ, கொட்டாத கொசுத்தேனீ. மற்றவை பெரும்பாலும் தனியாக வாழ்பவை. அவற்றைப் பற்றித் தெரிந்தது மிகக் குறைவு. மலையகத் தோட்டங்களில் 'குளவி கொட்டி' தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்திகளைப் பாருங்கள். கொட்டியது பல நேரம் மலைத்தேனீ. எது எது என்று பிரித்துக் குறித்து வைத்தாலே அது பயனுள்ள ஆய்வு.

வீட்டில் நாலு கத்தரிச் செடி இருக்கிறதா? பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். மஞ்சள் மகரந்தப் பையின் நுனியில் சின்னத் துளை மட்டும் இருக்கும். தேன்பெட்டித் தேனீயால் அதிலிருந்து மகரந்தத்தை உதிர்க்க முடியாது. நீலக்கோடு போட்ட தேனீயோ மரம் துளைக்கும் கருந்தேனீயோ வந்து பூவைக் கட்டிப்பிடித்து, சிறகை அடிக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். அந்த நேரம் ரீங்காரத்தின் சுருதி சட்டென்று ஏறும், மகரந்தம் தூளாகக் கொட்டும். காது கொடுத்தால் பார்க்காமலே எண்ணலாம். காலை ஆறரை முதல் ஒன்பது வரை, ஒவ்வொரு அரை மணிக்கும் பத்து நிமிடம், எந்தத் தேனீ எத்தனை தடவை வந்தது என்று ஆறு வாரம் ஒரு கொப்பியில் எழுதுங்கள். வெயிலா மழையா என்பதையும் குறியுங்கள்.

உங்கள் வீட்டுத் தோட்டத்தில் எண்ணுவதற்கும் படம் எடுப்பதற்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் சரணாலயத்திலோ காட்டிலோ பூச்சி பிடிக்க வனஜீவராசிகள் திணைக்களத்தின் அல்லது வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பிடித்த பூச்சியை வெளிநாட்டுக்கு அனுப்பவும் அனுமதி வேண்டும். வெளிநாட்டுப் பேராசிரியர் யாராவது 'ஒரு பத்து மாதிரி தபாலில் போடு' என்று கேட்டாலும் போடாதீர்கள், அதில் மாட்டுவது நீங்கள்தான். கொட்டினால் மூச்சுத் திணறல் வருபவராக இருந்தால் கூட்டுக்குப் பக்கத்திலேயே போகவேண்டாம்.

ஆறு வாரக் கணக்கு கையில் இருக்கும்போது உங்கள் துறை விரிவுரையாளரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பேராதனையில் தேனீக்களைப் பல வருடமாக ஆராய்கிறார்கள், அங்கே ஒரு அறிமுகம் கேளுங்கள். பண்டாரவளை பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது. கூட்டைத் திறந்து பழக அங்கே கேட்கலாம். ஒகினாவாவுக்கு எழுதும் விண்ணப்பத்தில் உங்கள் கத்தரிப் பூக் கணக்கை முதல் பந்தியில் போடுங்கள். தேனீமேல் எவ்வளவு ஆசை என்பது இரண்டாவது பந்தியில் வரட்டும்.