கம்பும் கோபமும்: வாசகர் கேள்வி பதில்

தற்காப்புக் கலை பற்றிய சந்தேகங்களை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன். எப்படி அடிப்பது என்று நிறையப் பேர் கேட்பார்கள் என்று நினைத்தேன். வந்த கடிதங்களில் பாதி, "அடித்துவிட்டோம், இனி என்ன செய்வது" என்று கேட்கிற கடிதங்கள். அவற்றைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஊர்ப் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

என் மகனுக்கு 12 வயது. எட்டு மாதமாகச் சிலம்பம் கற்கிறான். போன வாரம் பள்ளியில் கூடப் படிக்கிற பையனைக் குத்திவிட்டான். உதடு கிழிந்து மூன்று தையல். "அவன்தான் என் பையைப் பிடுங்கினான்" என்கிறான். வகுப்பை நிறுத்து என்கிறார் என் கணவர். நிறுத்திவிடவா?
(ஒரு தாய், திண்டுக்கல்)

நிறுத்தாதீர்கள் அம்மா. ஆனால் நாளைக்கே பையனையும் கூட்டிக்கொண்டு வாத்தியாரைப் போய்ப் பாருங்கள், நடந்ததை அவன் வாயாலேயே சொல்ல வையுங்கள், அப்புறம் அவர் முகத்தைக் கவனியுங்கள். "பரவாயில்லை, பயந்து ஓடாமல் நின்றானே" என்று முதுகில் தட்டிக்கொடுத்தால் வேறு வாத்தியாரைத் தேடிக்கொள்ளுங்கள். அவர் முகம் வாடினால் பையன் நல்ல இடத்தில்தான் இருக்கிறான்.

என் கதையைச் சொல்கிறேன். எனக்கு அப்போது 19 வயது. பேருந்து நிலையத்தில் ஒருவர் என் தம்பியைத் தள்ளிவிட்டார் என்று அவரைக் கீழே தள்ளி மிதித்துவிட்டேன். ஊரே என்னைப் பார்த்த மாதிரி ஒரு பெருமை. மறுநாள் களத்துக்குப் போனால் வாத்தியார் ஒன்றுமே கேட்கவில்லை, என் கம்பை வாங்கிக் கூரையில் செருகிவிட்டார். ஐந்து மாதம் அது அங்கேயே இருந்தது. நான் தினமும் போய்க் களத்தைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, சின்னப் பசங்கள் கால்வரிசை, அதாவது காலை எடுத்து வைக்கிற பயிற்சி, எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் உட்கார வைத்திருந்தால் நான் தெருவில் இன்னும் நாலு பேரை அடித்திருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் உங்கள் பையனையும் களத்திலிருந்து அனுப்பக்கூடாது என்கிறேன். கம்பை வேண்டுமானால் வாங்கி வைக்கலாம்.

நிதானம் என்றதும் உபதேசம் என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். சிலம்பத்தில் அது கை வேலை. நெற்றி உயரத்துக்கு இருக்கிற மூங்கில் கம்பை முழு வேகத்தில் வீசி, எதிராளியின் மேல் லேசாகப் பட்டதும் நிறுத்த வேண்டும். தொடுமுறை என்கிற போட்டியில் புள்ளி தொட்டதற்குத்தான், எலும்பை உடைத்தால் புள்ளி இல்லை. அதிலும் புருவ நடுவில் கம்பு முனையால் மெல்லத் தொட்டுவிட்டு வருவதைப் 'பொட்டு வைப்பது' என்போம், அதைச் செய்கிறவனைத்தான் பெரிய ஆட்டக்காரன் என்று ஊர் சொல்லும். மண்டையைப் பிளக்கிற வேகத்தில் கம்பு வர வேண்டும், அது போய்ப் பொட்டு வைக்கிற மாதிரி நிற்க வேண்டும். இதைப் பழகாமல் வீச்சை மட்டும் எட்டு மாதம் பழகினால் கை அடிக்கத்தான் போகும். எனக்குத் தெரிந்து இன்று பல வகுப்புகளில் ஆண்டு விழாவுக்கு அலங்கார வீச்சைச் சீக்கிரம் காட்ட வேண்டும் என்கிற அவசரத்தில் இந்த நிறுத்துகிற பயிற்சியைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் மிகவும் வருத்தம்.

இன்னொன்றும் பையனுக்குச் சொல்லுங்கள், அவனுக்கு இது புரியும். கோபம் வந்தால் பிடி இறுகும், பிடி இறுகினால் மணிக்கட்டு திரும்பாது, மணிக்கட்டு திரும்பாவிட்டால் கம்பு சுழலாது. கோபக்காரனின் கம்பு எங்கே வரும் என்று எதிரில் நிற்பவனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் அவனையே கையை இறுக்கிக்கொண்டு சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் கணவரிடம் ஒரு வேண்டுகோள். இதற்காகப் பையனை அடிக்காதீர்கள். பலம் இருக்கிறவன் அடிக்கலாம் என்பதைத்தான் அவன் அதிலிருந்து எடுத்துக்கொள்வான். அதற்குப் பதில் அவனைக் கூட்டிக்கொண்டு அந்தப் பையன் வீட்டுக்குப் போங்கள். மருத்துவச் செலவைக் கொடுங்கள், தையல் போட்ட அந்த உதட்டை அவன் பக்கத்திலிருந்து பார்க்கட்டும். பையைப் பிடுங்கியது தப்புதான், அதைத் தலைமையாசிரியரிடம் தனியாகப் பேசுங்கள், இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்புகிறேன். எங்கள் அலுவலகத்தில் மூன்று நாள் தற்காப்பு முகாம் நடத்தினார்கள், சான்றிதழும் கொடுத்தார்கள். இது போதுமா?
(ஒரு வாசகி, கோவை)

போதாது தங்கச்சி. உன்னைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, அந்தச் சான்றிதழை நம்பி நீ நிற்கக்கூடாத இடத்தில் நின்றுவிடக்கூடாது என்றுதான் சொல்கிறேன். பயத்தில் இதயம் படபடவென்று அடிக்கிறபோது கை விரல்கள் நுணுக்கமான வேலையைச் செய்யாது, பார்வை குறுகிவிடும், காது அடைத்த மாதிரி இருக்கும். முகாமில் காட்டிய ஏழு படி மணிக்கட்டு விடுவிப்பு அந்த நேரத்தில் நினைவுக்கே வராது. நூறு நூறு தடவை செய்து உடம்பில் ஊறிப்போன இரண்டு மூன்று விஷயம்தான் வரும்.

அதனால் இரண்டு மூன்றை மட்டும் எடுத்துக்கொள். கை நீட்டினால் எட்டுகிற தூரத்துக்குள் யாரையும் விடாமல் ஒரு அடி பின்னால் வைத்து, உள்ளங்கையை முன்னால் காட்டி, அடி வயிற்றிலிருந்து "தள்ளி நில்லுங்க" என்று கத்து. கத்துவதையும் பழக வேண்டும், முதல் தடவை பலருக்குக் குரலே வராது, என் வகுப்பில் வளர்ந்த பெண்களே அதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறார்கள். பிடித்துவிட்டால் கட்டைவிரல் பக்கமாக இழுத்து விடுபடு, அந்தப் பிடியில் பலவீனமான இடம் அதுதான். விடுபட்டதும் வெளிச்சமும் ஆளும் இருக்கிற பக்கம் ஓடு. பையையோ செல்போனையோ கேட்டால் கொடுத்துவிடு. ஓடுவதில் ஒரு வெட்கமும் கிடையாது, நான் என் மாணவர்களுக்கு ஓட்டப்பந்தயமே வைக்கிறேன். அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, இரண்டு எண்ணையும் மனப்பாடமாக வைத்துக்கொள், தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியைப் போனில் இறக்கி ஒரு தடவை திறந்து பழகிவிடு. முடிந்தால் வாரம் இரண்டு நாள், ஒரு வருஷம், ஏதாவது ஒரு கலையில் சேர். ஜூடோவாக இருந்தாலும் நல்லது, முதலில் அடிபடாமல் விழச் சொல்லிக்கொடுப்பார்கள், அது சாலையில் வண்டியிலிருந்து விழும்போதும் உதவும்.

கராத்தேயில் கறுப்புப் பட்டை வாங்கியவர்கள் தங்கள் கைகளை ஆயுதமாகக் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டுமாமே? பக்கத்து வீட்டுக்காரரோடு எல்லைத் தகராறு இருக்கிறது. அவர் அடிக்க வந்து நான் திருப்பி அடித்தால் என் மேல் வழக்கு வருமா?
(ஒரு வாசகர், நாமக்கல்)

கைகளைப் பதிவு செய்வதெல்லாம் கட்டுக்கதை, அப்படி ஒரு சட்டம் நம் நாட்டில் இல்லை.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். தன்னையும் பிறரையும் காத்துக்கொள்கிற உரிமை எல்லோருக்கும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை உள்ள பிரிவுகள் இதைத்தான் பேசுகின்றன. ஆனால் 37ஆம் பிரிவை இரண்டு தடவை படியுங்கள். காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது, போலீஸிடம் போக நேரம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது. எல்லைத் தகராறு வருஷக்கணக்கில் ஓடுகிறதே, போலீஸிடமோ நீதிமன்றத்துக்கோ போக உங்களுக்கு நேரம் இருக்கிறது. அவர் ஓங்கிய கையைத் தடுத்துத் தள்ளிவிட்டால் அது தற்காப்பு. அவர் கீழே விழுந்த பிறகு நீங்கள் போடுகிற அடுத்த அடிக்கு வேறு பெயர். ஒரு பல் உடைந்தாலே சட்டத்தில் அது கொடுங்காயம். கராத்தே தெரிந்தவர் என்பதால் நீதிமன்றத்தில் உங்களுக்குச் சலுகை கிடைக்காது, எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தும் ஏன் நிறுத்தவில்லை என்றுதான் எதிர்த்தரப்பு கேட்கும்.

உங்கள் கலையை ஒகினாவாவிலிருந்து ஜப்பான் முழுக்கக் கொண்டுசென்ற ஃபுனாகோஷி கிச்சின், கராத்தேயில் முதல் அடி என்பது கிடையாது என்று சொல்லியே பாடம் நடத்தினார். கட்டா என்கிற வரிசை அசைவுப் பயிற்சிகளில் பல ஒரு தடுப்பில் தொடங்குவதை நீங்களே செய்திருப்பீர்கள். சர்வேயரை அழைத்து எல்லைக்கல் நடுங்கள்.

வீடியோ பார்த்து வர்மம் கற்றுக்கொள்ளலாமா?
(ஒரு மாணவர், நாகர்கோவில்)

வேண்டாம் தம்பி. உங்கள் மாவட்டத்திலேயே அடிமுறை என்கிற தற்காப்புக் கலையும் வர்மமும் தெரிந்த ஆசான்கள் இருக்கிறார்கள், நேரில் போங்கள். வர்மம் என்பது உடம்பில் அடி பட்டால் ஆபத்தாகிற இடங்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 சொல்வது வழக்கம். நல்ல ஆசான் அவற்றைக் கடைசியில்தான் காட்டுவார், காட்டும்போதே அடி பட்டால் மீட்கிற இளக்குமுறையையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுப்பார். மீட்கத் தெரியாதவனுக்கு அந்த இடங்கள் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

எனக்கு 41 வயது. கோபம் வந்தால் என்னை மறந்துவிடுகிறேன். சுவரில் குத்தியிருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் மனைவியையும் அடித்துவிட்டேன். சிலம்பம் கற்றால் கோபம் அடங்கும் என்கிறார்கள். இந்த வயதில் சேரலாமா?
(பெயர், ஊர் வேண்டாம்)

வயது ஒரு தடையே இல்லை. என் களத்தில் 50க்கு மேல் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் இன்று வந்து நின்றால் நான் சேர்த்துக்கொள்ள மாட்டேன், அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் உங்களை மறக்கவில்லை. மேலதிகாரி திட்டும்போது இதே கோபம் வருகிறது, அங்கே கை ஓங்குவதில்லையே? அங்கே நிறுத்த முடிகிறது என்றால் கட்டுப்பாடு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, வீட்டில் அதை எடுக்க வேண்டாம் என்று விட்டுவிடுகிறீர்கள். நான் கம்பைக் கொடுத்தால் உங்கள் தோளும் மணிக்கட்டும் இன்னும் பலமாகும், அந்தப் பலம் அதே வீட்டுக்குத்தானே திரும்பிப் போகும். அந்தப் பயத்தை உங்கள் மனைவிக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை.

முதலில் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. குடிப்பழக்கம் இருந்தால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். மனைவியிடம் 181 என்ற எண்ணை நீங்களே எழுதிக் கொடுங்கள், தேவைப்பட்டால் கூப்பிடு என்று சொல்லுங்கள். குடும்ப வன்முறைக்கு எதிராக 2005ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குத் துணை இருக்கிறது, அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருக்கிறேன் என்று அவர் சொன்னால் போகட்டும், பின்னாலேயே போய்க் கூப்பிடாதீர்கள்.

கோபம் ஏறும்போது செய்ய ஒன்று மட்டும் இப்போதே சொல்கிறேன். எழுந்து வெளியே போங்கள். மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், இருபது தடவை. வாசலில் நின்று செய்யாதீர்கள், தெரு முனை வரை நடந்து போய்ச் செய்யுங்கள்.

ஆறு மாதம் கழித்து, மனைவி "இவர் சேரட்டும்" என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் வாருங்கள். மனசு வராமல் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றினால் இன்னும் கொஞ்ச நாள் காத்திருங்கள் என்பேன். சேர்ந்த பிறகும் முதல் மூன்று மாதம் வணக்கம் செலுத்துகிற சலாம் வரிசையும் வெறுங்கால் கால்வரிசையும்தான். கம்பு கூரையில் இருக்கும்.