நாலு கை மாறிய போர்ஷே: நான் ஐந்தாவதாக வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 34 வயது. மனைவியும் வேலை பார்க்கிறார். இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 14,000 சிங்கப்பூர் வெள்ளி. பொங்கோலில் வீவக (அரசு வீடமைப்புக் கழக) வீடு. இன்னும் இரண்டு வருடத்தில் எம்ஓபி (விற்பதற்கு முன் கட்டாயமாகக் குடியிருக்க வேண்டிய காலம்) முடிந்ததும் அதை விற்றுவிட்டு 1.5 மில்லியனுக்குள் ஒரு கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) வாங்க யோசனை. கையில் சேமிப்பு 90,000 வெள்ளி. ஒன்றரை வயதில் ஒரு மகள்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை. யூபியில் ஒரு டீலரிடம் போர்ஷே 718 கேமன் ஒன்று பார்த்தேன். 2020 டிசம்பரில் பதிவானது, ஓஎம்வி (வரிகளுக்கு முந்தைய இறக்குமதி மதிப்பு) 70,000, சிஓஇ (பத்து வருடம் கார் வைத்திருக்கும் உரிமம்) இன்னும் நாலு வருடம் இருக்கிறது, விலை 165,000. ஓடியிருப்பது வெறும் 31,000 கிலோமீட்டர். ஆனால் லாக் கார்டில் (காரின் பதிவு விவர ஆவணம்) நாலு முறை கைமாறியதாக இருக்கிறது. இவ்வளவு கொஞ்சமாக ஓட்டிவிட்டு ஏன் ஆளாளுக்கு விற்கிறார்கள்? காரில் கோளாறா? இரண்டு வருடம் ஓட்டி ஆசையைத் தீர்த்துக்கொண்டு விற்றுவிடலாம் என்பது என் திட்டம். 2,000 வெள்ளி முன்பணம் கொடுத்தால் பிடித்து வைப்பதாக டீலர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வணக்கம். கொடுக்க வேண்டாம். காரில் கோளாறு இருக்கும் என்று பயந்து இதைச் சொல்லவில்லை. அது நல்ல காராகவே இருக்கலாம். நாலு பேர் ஏன் விற்றார்கள் என்று சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கான பதில் உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளிலேயே இருக்கிறது.

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் நாளை நாம் தீர்மானிக்கிறோம். விற்கும் நாளைப் பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று தீர்மானிக்கிறது. கல்யாணம் நிச்சயமாகிறது, வீட்டுச் சாவி கைக்கு வருகிறது, இரண்டாவது குழந்தை பிறக்கிறது. அல்லது முழங்கால் வலியுள்ள அப்பாவைத் தேக்காவுக்குக் கூட்டிப்போக அவ்வளவு தாழ்வான இருக்கையில் உட்கார வைத்து எழுப்ப முடியவில்லை. குடும்ப கார் என்றால் இந்த மாற்றங்களில் பாதியைத் தாங்கும். இரண்டே இருக்கை உள்ள கார் ஒன்றைக்கூடத் தாங்காது. அதனால் வீட்டில் என்ன மாறினாலும் முதலில் விலைக்குப் போவது அதுதான்.

இங்கே அதை ஓட்டவும் இடம் குறைவு. விரைவுச்சாலையில் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர். கொஞ்சம் விரட்டிப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலையில் ஒதுக்குப்புறமான லிம் சூ காங் போக வேண்டும், இல்லையென்றால் சட்டப்படி முக்கால் தொட்டி பெட்ரோலோடு ஜொகூர் எல்லையில் வரிசை கட்ட வேண்டும். முதல் ஆறு மாதம் சனிக்கிழமை தவறாமல் ஜொகூரின் டெசாரு கடற்கரைக்குப் போகிறவர்கள், அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போவார்கள். மீட்டரில் 31,000 மட்டும் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆசை பொய்யில்லை, அதற்கு நேரம்தான் கிடைக்கவில்லை.

கைமாற்றுவதும் சுலபம். வீடு என்றால் முத்திரை வரியே பத்தாயிரக்கணக்கில் போகும். காருக்குப் பெயர் மாற்றக் கட்டணம் 25 வெள்ளி. சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளம்) வழியாக இரு தரப்பும் உறுதி செய்து, வாங்குகிறவர் பெயரில் காப்புறுதி இருந்தால் வேலை முடிந்தது. ஆகவே லாக் கார்டில் நாலு என்று இருப்பது மட்டுமே காரைப் பற்றிக் கெட்ட செய்தி ஆகாது. யார் எவ்வளவு காலம் வைத்திருந்தார் என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் ஒன்றரை வருடம் வைத்திருந்தால் அது வழக்கமான கதை. ஒருவர் மட்டும் மூன்றே மாதத்தில் விற்றிருந்தால், ஏன் என்று துருவித்தான் ஆக வேண்டும்.

இனி இந்தக் காருக்கே உரிய ஒரு விஷயம். அது பதிவான சமயத்தில் பெரிய கார்களுக்கான ‘பி’ பிரிவு சிஓஇ 50,000 வெள்ளிக்கும் கீழே இருந்தது. 2023 அக்டோபரில் அதே பிரிவு 150,001 வெள்ளியைத் தொட்டது. சிஓஇ ஏறும்போது ஏற்கெனவே சாலையில் இருக்கும் காரின் விலையையும் அது தூக்கிக்கொண்டு போகும். இந்தக் காரின் முதல் இரண்டு மூன்று உரிமையாளர்கள் அந்த ஏற்றத்தின் நடுவில் விற்றிருந்தால், ஏறக்குறைய கைநஷ்டமே இல்லாமல் போர்ஷே ஓட்டியிருப்பார்கள். ‘ரெண்டு வருஷம் ஓட்டு, வித்துடு, ஒண்ணும் போகாது’ என்று நண்பர்கள் சொல்வது அந்தக் காலத்து அனுபவம். ஆறு வருட சிஓஇ தீர்ந்துபோன காரை இன்று வாங்குகிறவருக்கு அது பொருந்தாது. மீதி நாலு வருடமும் உங்கள் கையில்தான் கரையும்.

எவ்வளவு கரையும் என்று பார்ப்போம். லாக் கார்டில் ‘குறைந்தபட்ச பார்ஃப்’ என்று ஒரு வரி இருக்கும், அதைத் தேடுங்கள். 2020-ல் பதிவான காருக்கு ஏஆர்எஃப் எனும் கூடுதல் பதிவு வரி, ஓஎம்வியின் முதல் 20,000-க்கு 100%, அடுத்த 30,000-க்கு 140%, அதற்கு மேல் 180%. உங்கள் கார் 70,000 என்பதால் 20,000 + 42,000 + 36,000 ஆக மொத்தம் 98,000. பத்தாவது வருடம் முடிவதற்குள் காரைப் பதிவுநீக்கம் செய்தால் இதில் பாதி, அதாவது 49,000 வெள்ளி, பார்ஃப் தள்ளுபடியாகத் திரும்பும். 165,000-லிருந்து அதைக் கழித்து நாலால் வகுத்தால் வருடத்துக்கு 29,000. எல்லா டீலரும் சொல்லும் ‘டெப்ரி’ (வருடத் தேய்மானம்) இதுதான்.

2020-ல் பதிவான காருக்கு முதல் ஐந்து வருடத்தில் பார்ஃப், ஏஆர்எஃபில் 75 விழுக்காட்டிலேயே நிற்கும். அதன் பிறகு வருடத்துக்கு 5 விழுக்காடு இறங்கும். ஸ்போர்ட்ஸ் காரில் ஏஆர்எஃப் பெரிய தொகை என்பதால் அந்த 5 விழுக்காடும் பெரிதாக இருக்கும். உங்கள் காருக்கு 4,900 வெள்ளி. ஐந்தாவது வருடத்தை ஒட்டிப் பலர் விற்க நினைப்பதற்கு இது ஒரு காரணம். உற்பத்தியாளர் உத்தரவாதம் அதற்குள் முடிந்திருப்பது இன்னொன்று. உத்தரவாதம் இல்லாத போர்ஷேக்கு கியர்பாக்ஸில் ஒரு பிரச்சினை வந்தால் பில்லைப் பார்க்கவே மனம் வராது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2023 பிப்ரவரிக்குப் பிறகு பதிவான கார்களைப் பார்க்கப் போனால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். அந்த வருட பட்ஜெட்டில் ஏஆர்எஃப் மேல்தட்டு 320% வரை உயர்ந்தது, பார்ஃப் தள்ளுபடிக்கு 60,000 வெள்ளி உச்சவரம்பும் வந்தது. பதிவான நாளைப் பொறுத்து விதி மாறும் என்பதால், எந்தக் கார் என்றாலும் அதன் லாக் கார்டில் உள்ள எண்ணை மட்டும் நம்புங்கள்.

சரி, உங்கள் இரண்டு வருடத் திட்டத்துக்கு வருவோம். ஓஎம்வி 20,000-க்கு மேல் என்பதால் நாணய ஆணைய விதிப்படி விலையில் 60% வரைதான் கடன் கிடைக்கும். அதாவது 99,000. மீதி 66,000 ரொக்கம். மசேநிதியை (மத்திய சேமநிதி) காருக்குத் தொட முடியாது. ஆகவே உங்கள் 90,000-ல் மிஞ்சுவது 24,000. வட்டி உதாரணத்துக்கு 2.78% என்று வைத்துக்கொள்வோம். இது ஃபிளாட் வட்டி. அசல் குறையக் குறைய வட்டி குறையாது, நாலு வருடமும் முழு 99,000-க்கும் கட்டுவீர்கள். மொத்த வட்டி சுமார் 11,000, மாதத் தவணை 2,292.

இரண்டு வருடம் கழித்து விற்கப் போகிறீர்கள். பல கார் கடன் ஒப்பந்தங்களில் முன்கூட்டியே அடைத்தால் ‘78 விதி’ என்ற கணக்குதான் நடக்கும். வட்டியின் பெரும்பகுதியை ஆரம்ப மாதங்களிலேயே எடுத்துக்கொள்ளும் முறை அது. திரும்ப வர வேண்டிய சொச்ச வட்டியிலும் 20% அபராதமாகப் பிடிப்பார்கள். பாதிக் காலம்தான் ஓடியிருக்கும், ஆனால் 11,000 வட்டியில் சுமார் 8,760 போயிருக்கும். நிதி நிறுவனத்துக்கு நீங்கள் இன்னும் கொடுக்க வேண்டியது ஏறக்குறைய 52,800.

அன்றைக்குக் காருக்கு என்ன கிடைக்கும்? சந்தை ஏறாமல் இறங்காமல் இருந்தால், இரண்டு வருட ‘டெப்ரி’ 58,000 போக விற்பனைப் பலகையில் விலை 107,000 அளவில் இருக்கும். அது டீலர் விற்கும் விலை. உங்களிடம் வாங்கும் விலை அதைவிடக் குறையும். 12,000 குறைகிறது என்று எடுத்துக்கொண்டால் 95,000. கடனை அடைத்ததும் கையில் வருவது 42,200. அதற்கு நீங்கள் போட்டது 66,000 ரொக்கமும் 24 தவணையில் 55,000-மும். வித்தியாசம் 78,800 வெள்ளி. மாதக் கணக்கில் சுமார் 3,280. இதில் பெட்ரோல், காப்புறுதி, சாலை வரி (1,988 சிசிக்கு வருடம் சுமார் 1,200), பார்க்கிங், டயர், சர்வீஸ் எதுவும் சேரவில்லை.

இந்த 12,000 என் ஊகம்தான். நிஜத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். இதே வருடம், இதே மாடல், இதே அளவு ஓட்டம் உள்ள காரை விற்க விரும்பினால் என்ன கொடுப்பீர்கள் என்று வேறு இரண்டு டீலர்களிடம் விசாரியுங்கள். 165,000-க்கும் அவர்கள் சொல்லும் விலைக்கும் உள்ள இடைவெளிதான், அந்தக் காரை வாங்கி ஓட்டிக்கொண்டு வெளியே வரும் முதல் நிமிடத்திலேயே நீங்கள் இழப்பது. பத்து வருடம் வைத்திருப்பவருக்கு அந்த இடைவெளி பெரிதில்லை. இரண்டே வருடத்தில் விற்பவருக்கு அது பாரம். இந்தக் காரின் ஒவ்வொரு கைமாற்றத்திலும் யாரோ ஒருவர் அதைக் கட்டியிருக்கிறார்.

எனக்கு இதைவிட அதிகக் கவலை தருவது கொண்டோ. வங்கி வீட்டுக் கடன் கொடுக்கும்போது உங்கள் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 14,000-க்கு அது 7,700. கார் தவணை 2,292 அதில் உட்கார்ந்திருந்தால் வீட்டுக்கு மிஞ்சுவது 5,408. வங்கிகள் குறைந்தது 4% வட்டி என்று வைத்துத்தான் தகுதி பார்க்க வேண்டும். 25 வருடக் கடனுக்கு அந்தக் கணக்கில், கார் இல்லாவிட்டால் சுமார் 1.46 மில்லியன் வரை இடமிருக்கிறது, கார் இருந்தால் சுமார் 1.02 மில்லியன். 1.5 மில்லியன் வீட்டுக்கு 75% கடன் என்றால் 1.125 மில்லியன் வேண்டும். ஒரு கார் தவணையால் அது எட்டாமல் போகிறது.

‘அதற்குள் காரை விற்றுவிடுவேனே’ என்பீர்கள். விற்பீர்கள்தான். ஆனால் வீட்டுக்கு ஓடிபி (வாங்கும் உரிமைப் பத்திரம்) கையில் இருக்கும்போது, மூன்று வாரத்துக்குள் விற்றே ஆக வேண்டும் என்ற நிலையில் விற்பீர்கள். அவசரத்தை டீலர் மோப்பம் பிடித்துவிடுவார். நான் போட்ட 95,000 அங்கே இன்னும் இறங்கும். கொண்டோ விலையில் குறைந்தது 5%, அதாவது 75,000 வெள்ளி, ரொக்கமாகவே கட்ட வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். வீவக வீடு விற்ற பணத்தில் மசேநிதிக்கும் கடனுக்கும் திரும்பப் போவது போக எவ்வளவு ரொக்கம் மிஞ்சும் என்று கணக்குப் போடாமல், இருக்கிற 90,000-த்தைக் கலைக்காதீர்கள்.

ஆசையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இருபது வருடமாக மனதில் வைத்திருக்கும் ஆசை அது, அதற்கு மரியாதை உண்டு. வரிசையை மாற்றுங்கள். முதலில் வீடு. இந்த இரண்டு வருடத்தில் பிறந்தநாளுக்கு, கல்யாண நாளுக்கு ஒரு கேமனை வார இறுதி வாடகைக்கு எடுங்கள். இங்கே அப்படிக் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. காப்புறுதியில் எக்ஸஸ் (விபத்தானால் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு) எவ்வளவு, மலேசியாவுக்குள் கொண்டுபோகலாமா என்று மட்டும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மனைவியையும் ஓட்டச் சொல்லுங்கள். உங்கள் பல மாடி கார் நிறுத்தத்தின் சரிவுப் பாதையில் ஏற்றிப் பாருங்கள், முன்பக்கம் உரசுகிறதா என்று அங்கேதான் தெரியும்.

வீடு முடிந்த பிறகும் ஆசை அப்படியே இருந்தால், ஓஎம்வி குறைந்த காராகப் பாருங்கள். 1.5 லிட்டர் மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்றவற்றுக்குச் சாலை வரி வருடம் 700 வெள்ளிக்கும் கீழே. ஏஆர்எஃப் சிறியது, அதனால் ஒவ்வொரு வருடமும் கரைவதும் சிறியது. இரண்டு வருடத்துக்கு என்று வாங்காமல் சிஓஇ முடியும் வரை என்று வாங்குங்கள். அப்போது டீலர் இடைவெளியை ஒரு முறைதான் கட்டுவீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு இந்தக் கேமனைத்தான் வாங்குவேன் என்றால், கார் டீலருக்கே சொந்தமா, அல்லது உரிமையாளருக்காக அவர் விற்றுக்கொடுக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். டீலர் விற்கும் பழைய காருக்கு ‘லெமன்’ சட்டம் உண்டு. வாங்கிய ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் கோளாறு, விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். தனிநபர் விற்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை. முன்பணம் கட்டுவதற்கு முன், விக்காம் அல்லது எஸ்டிஏ வாகனச் சோதனை நிலையத்தின் பரிசோதனையில் குறை தெரிந்தாலோ கடன் கிடைக்காவிட்டாலோ 2,000 வெள்ளி முழுதாகத் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால், அந்தக் கடையில் வேறு எந்தக் காரும் வாங்க வேண்டாம்.