கைவினைச் சந்தையில் மரப்பொருள் விற்க நினைக்கும் தம்பிக்கு

தம்பி, நாடு விட்டு வந்து நான்கு மாதம் ஆகிறது, தச்சு வேலை நன்றாகத் தெரியும், வார இறுதிக் கைவினைச் சந்தைகளில் கரண்டியும் வெட்டுப்பலகையும் செய்து விற்கலாமா, இங்குள்ள பாஷை இன்னும் சரளமாக வரவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக விற்கலாம். நான் பதினோரு வருடமாக விற்கிறேன். பாஷையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

முதலில் உங்கள் விசா. பொழுதுபோக்காகச் செய்தேன், நாலு காசுக்கு விற்றேன் என்றாலும் பல நாடுகளில் அது சுயதொழில் கணக்கில்தான் வரும். படிக்க வந்தவர்களுக்கும், ஒரே முதலாளியிடம் வேலை செய்ய வந்தவர்களுக்கும் பெரும்பாலும் அந்த அனுமதி இருக்காது. தெரிந்தவர் சொன்னார் என்று இறங்காமல், உங்கள் அனுமதிக் கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள். புரியாவிட்டால் குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இது சரியான பிறகுதான் விற்பனை வரிப் பதிவு, காப்பீடு எல்லாம்.

அடுத்தது மரம். நம் ஆட்கள் அடிபடுவது இங்கேதான், நானும் அடிபட்டேன். முதல் வருடம் அகலமான பலகையைச் சுற்றி நாலு பக்கமும் சட்டம் வைத்து, பசை போட்டு இறுக்கித் தட்டுகள் செய்தேன். பார்க்க அத்தனை அழகு. குளிர்காலம் வந்து வீடுகளில் ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் ஒரு தட்டு நடுவில் வெடித்துவிட்டது. வாங்கிய அம்மா அடுத்த சந்தையில் என்னைத் தேடி அதை எடுத்து வந்தார். திட்டவே இல்லை, கையில் கொடுத்துவிட்டு நின்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

காரணம் இதுதான். மரம் நீளவாட்டில் அசைவதே இல்லை என்று சொல்லலாம். ரேகைக்குக் குறுக்கே, அதாவது அகலவாட்டில், ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். வெளியே கொட்டகையில் காயவைத்த பலகையில் 12 சதவீதமோ அதற்கு மேலோ ஈரம் இருக்கும். சூடேற்றிய வீட்டுக்குள் போனால் அது 6 முதல் 8 சதவீதம் வரை இறங்கிவிடும். சுருங்க இடம் கொடுக்காமல் சட்டத்தில் பூட்டினால் வெடிக்கத்தான் செய்யும். அதனால் ஈரம் அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று முதலில் வாங்குங்கள். பலகையை வீட்டுக்குள் சில வாரம் அடுக்கி வைத்து, அளவு இறங்கி நிலையானதும் கை வையுங்கள். சட்டம் வைத்தே ஆக வேண்டுமென்றால், சட்டத்தின் உள்பக்கம் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்துப் பலகையைப் பசையில்லாமல் அதற்குள் மிதக்க விடுங்கள்.

ஊரிலிருந்து ஈட்டி மரம் கொண்டுவரும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த மரப் பேரினம் முழுவதும் 2017 முதல் சைட்டிஸ் (அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது, விற்பனைக்கென்று எல்லை தாண்டினால் காகிதம் கேட்பார்கள். செம்மரமும் அப்படியே. உள்ளூர் மரத்தில் வேலை செய்து பழகுவதுதான் நல்லது.

சமையலறைச் சாமான்களுக்கு மினரல் ஆயிலும் தேன்மெழுகும் போதும். ஆளிவிதை எண்ணெய் பூசுவீர்களானால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், அது தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள். குழந்தை பொம்மைகள் இப்போதைக்கு வேண்டாம். 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் தனிப் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன, கழன்று வாய்க்குள் போகும் துண்டு எதுவும் இருக்கக் கூடாது.

விலை விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஊரில் ஒரு நாள் கூலி எவ்வளவு என்று மனதில் வைத்துக்கொண்டு விலை எழுதாதீர்கள். மரம், உங்கள் மணி நேரம், ஸ்டால் வாடகை, போக்குவரத்து எல்லாம் அதில் வர வேண்டும். இரக்கப்பட்டுக் குறைத்து விற்றால் பக்கத்து ஸ்டாலில் அதே வேலை செய்பவரின் பிழைப்பும் கெடும்.

ஸ்டால் எடுக்கும் முன் இரண்டு மூன்று சந்தைகளுக்குச் சும்மா போய் வாருங்கள். வெளியில் வாங்கிய சரக்கை வைத்திருக்கும் சந்தையில் கைவேலை எடுபடாது. நல்ல சந்தைகளில் உங்கள் பொருள்களின் படங்களைப் பார்த்துத்தான் இடம் தருவார்கள், அதற்குப் பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். திறந்தவெளி என்றால் பத்தடிக்குப் பத்தடி கூடாரத்தின் நாலு காலிலும் கனமான எடை கட்டுங்கள். ஒரு காற்றுக்கு எல்லாம் பறந்துபோனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, பாஷை. என்ன மரம், என்ன பூச்சு, எப்படிக் கழுவ வேண்டும், இந்த மூன்றுக்கும் பதிலை வாய்க்குப் பழக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கேட்பது இவைதான். பொருளைக் கண்ணாடிக்குள் வைக்காதீர்கள், எடுத்துத் தடவிப் பார்க்கட்டும். அப்புறம், சந்தை நடத்துபவர் அனுமதித்தால் ஒரு கரண்டியைச் செதுக்கிக்கொண்டே உட்காருங்கள். சீவல் சுருண்டு விழுவதைப் பார்க்கக் குழந்தைகள் நிற்கும், பின்னாலேயே பெற்றோரும் நிற்பார்கள். முதல் கேள்வியை அவர்களே கேட்பார்கள். இன்றைக்கும் என் வியாபாரத்தில் பாதி அப்படித்தான் ஆரம்பிக்கிறது.