மருந்து ஊற்றியும் புழு நெளிகிறதா?

கன்றுக்கு அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தை ஊற்றி மறுநாள் சாணியில் விழுந்த புழு இன்னும் நெளிகிறது, ஆரியங்காவில் வாங்கிய மருந்து போலியோ என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீங்க. அது புழுவை அடித்துக் கொல்கிற மருந்து இல்லை, பட்டினி போடுகிற மருந்து: புழுவின் செல்லுக்குள் டியூபுலின் என்ற புரத இழைகள் குலைந்து, குளுக்கோஸை உறிஞ்ச முடியாமல், சேர்த்து வைத்த கிளைகோஜனையும் தின்று தீர்த்த பிறகுதான் சாகும், அதனால் மெதுவாகத்தான் நடக்கும்.

குடலில் காற்றே இல்லாமல் எப்படிப் பிழைக்கிறது என்றும் கேட்டீர்கள். பன்றிக் குடலில் வாழும் அஸ்காரிஸ் என்ற உருண்டைப் புழுவில் இதை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள்: வளர்ந்த புழு சத்தை உடைக்கும்போது வரும் எலக்ட்ரானை ஆக்ஸிஜனிடம் கொடுக்காமல் செல்லில் உள்ள ஃபியூமரேட் என்ற பொருளிடம் தள்ளி, அதைச் சக்சினேட் என்ற வேறொரு பொருளாக்கி ஆற்றல் எடுக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதன் முட்டை மண்ணில் வளர ஆக்ஸிஜன் இல்லாமல் முடியாது!

அப்புறம், அடுத்த டோஸைக் கன்றின் எடை பார்த்து, கால்நடை மருத்துவரிடம் கேட்டே ஊற்றுங்கள்.